தமிழரசி சிஸ்டரைத் தொட்டுப் பார்த்தவர்கள்

தமிழரசி சிஸ்டர் போய்விட்டார். நேற்று விடிகாலை... வந்த நோய்க்குச் சாகவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

தஞ்சாவூரில் நான் முன்பு வேலை பார்த்த ஐசியுவுக்கு அவர்தான் இன்சார்ஜ். தங்கமான மனுஷி என்றெல்லாம் எழுத மாட்டேன். அவரிடம் திட்டு வாங்கி பாத்ரூமில் போய் அழாத நர்ஸ் அங்கே கிடையாது.

என்னோடு வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், ஒரு பேஷன்ட்டுக்குச் சளி உறிஞ்சிய கிளவுஸோடு அடுத்த கட்டிலுக்குப் போனாள். சிஸ்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். "கிருமிக்குக் காலு இல்லடி. ஒன் கையிலதான் ஏறிப் போவுது."

சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா, அசினெடோபாக்டர்... வென்டிலேட்டரில் கிடப்பவர்களின் நுரையீரலில் புகுந்துகொள்ளும் கிருமிகளை எல்லாம் ஆகாத சம்பந்தி மாதிரி பேர் சொல்லித் திட்டுவார்.

ஒருமுறை நீடாமங்கலத்துப் பெரிய மனுஷர் ஒருவர், வெள்ளை வேட்டி, கூடவே ஒரு கூட்டம். உள்ளே கிடந்த மச்சானுக்கு விபூதி பூசியே ஆகவேண்டுமாம். சிஸ்டர் வாசலை மறித்துக்கொண்டு கேட்டார். "பார்க்க வந்தீங்களா, கையோட கூட்டிட்டுப் போவ வந்தீங்களா?"

மேலே புகார் போனது. சிஸ்டர் சட்டையே செய்யவில்லை.

போன மாதம் அவரே படுத்தார். கை கால் வரிசையாக விழுந்துபோகிற நரம்பு நோய். மூச்சும் நின்று, தன் ஐசியுவிலேயே, தொண்டையில் குழாயோடு...

நினைவு தெளிவு. கண் மட்டும் அசையும். நரம்புக்கு உயிர் திரும்பிவிடும், நடந்தே வீட்டுக்குப் போவார் என்றுதான் டாக்டர் சொன்னார். விரல்கூட லேசாக அசைய ஆரம்பித்தது.

நம் பக்கம் ஒருத்தர் படுத்தால் ஒரு எட்டு போய்ப் பார்க்காவிட்டால் ஜென்மத்துக்கும் பேச்சு. தடுக்கவேண்டியவரே கட்டிலில். சொந்தம், பழைய ஸ்டாஃப், எல்லாரும் வந்தார்கள். பஸ் கம்பியைப் பிடித்த கையாலேயே கன்னத்தைத் தடவினார்கள், வாய்க்குழாயைச் சரிசெய்தார்கள். பாசமாம்.

சிஸ்டர் அவர்கள் கையைப் பார்ப்பார். பிறகு சுவரில் மாட்டியிருக்கும் கை கழுவும் மருந்தைப் பார்ப்பார். மறுபடி கையை. கண்ணில் தண்ணீர் வழியும்.

"பாவம், கையப் புடிச்சிக்கச் சொல்லுது" என்று அவர் நாத்தனார் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கு நானும் கும்பகோணத்திலிருந்து போயிருந்தேன். கழுவிவிட்டுத் தொடுங்கள் என்று கத்தினேன். ஈவு இரக்கம் இல்லாதவள் என்று எனக்குத்தான் பட்டம் கிடைத்தது.

அந்த வாரமே காய்ச்சல். சளியை கல்ச்சர் டெஸ்ட் செய்ததில் அசினெடோபாக்டர். எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்கவில்லை. நெஞ்சு எக்ஸ்ரே வெள்ளையாகிக்கொண்டே போனது.

இன்று திருப்பனந்தாள் பக்கம், அவர் ஊரில், எடுத்தார்கள். உடல் தெருவைத் தாண்டியதும் எல்லாரும் தலை முழுகினார்கள். நாத்தனார் குழாயடியில் உட்கார்ந்து, முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார். தீட்டுப் போகவேண்டுமாம்.

நிம்மதியாப் போங்க சிஸ்டர். இனிமே உங்களை யாரும் தொட மாட்டாங்க.