ஊசி ஆறும் நேரம்

விழுப்புரத்திலிருந்து வடக்கே போகும் பாசஞ்சர் காலை ஆறேகாலுக்குப் புறப்பட்டது. திண்டிவனம் இருபத்துமூன்று மைல்; மூன்றாம் வகுப்புச் சீட்டு ஏழணா. இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், மாசி மாதம். நானும் எங்கள் சுகாதார இன்ஸ்பெக்டரும் போனோம். அவருக்கு முப்பது வயது இருக்கும். எனக்கு நாற்பத்துமூன்று. கெடாரில் பிறந்து, எட்டாவது வரை படித்து, பதினெட்டு வருஷம் சுகாதார ஆபீசில் பியூனாக இருந்தவன். அம்மை குத்தும் வேலைக்கு என்னை மாற்றி இரண்டு மாதம் ஆகியிருந்தது. மூன்றாம் மாதம் முடிந்தால்தான் நிரந்தரம்.

பயணத்துக்குக் காரணம் நான்தான். திண்டிவனத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் நாற்பது பிள்ளைகளுக்குக் குத்தியிருந்தேன். எட்டாம் நாள் குத்திய இடத்தில் கொப்புளம் எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் மருந்து பிடிக்கவில்லை என்று அர்த்தம். பயணத்துக்கு முந்தின நாள்தான் எட்டாம் நாள்; போய்ப் பார்த்தேன். ஒரு கையிலும் எழும்பவில்லை. பக்கத்து ஊரில் பெரியம்மை கண்டிருந்தது. மறுபடி குத்திக்கொள்ள ஊரார் மறுத்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து. எனக்குப் பழையபடி பியூன் வேலை.

முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி தாண்டும்வரை இன்ஸ்பெக்டர் என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பேரணி ஸ்டேஷனில் டீ வாங்கி, முதல் குவளையை என்னிடம் நீட்டினார். ஆபீசில் மற்றவர்கள் என்னை "யோவ்" என்பார்கள். இவர் ஒருவர்தான் "வாங்க, போங்க" என்பார்.

"எப்படிக் குத்துறீங்கன்னு செஞ்சி காட்டுங்க" என்று ஒரு பென்சிலைக் கொடுத்தார்.

பென்சிலை ஊசியாக வைத்துச் செய்து காட்டினேன். விளக்கில் காய்ச்சுவது, அம்மைப்பால் என்கிற தடுப்பு மருந்தில் தொடுவது, கையில் குத்துவது. எதிரே இருந்த மல்லாட்டைக் கடலை வியாபாரி, "இன்னா சாமி, ரயில புடிக்கப் போறாப்ல பறக்கிற? ரயில்லதான குந்திக்கினுகீற" என்றார்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். அப்போதுதான் எனக்கே புரிந்தது. காய்ச்சிய ஊசி ஆறுவதற்குள் அம்மைப்பாலில் தொட்டிருக்கிறேன். சூட்டில் பால் செத்திருக்கிறது. அன்று ஊரில் நாற்பது பேர் என்னையே பார்த்துக்கொண்டிருக்க, சீக்கிரம் முடித்துவிட்டு ஓடினால் போதும் என்று இருந்தது.

"நானும் முதல்ல இப்படித்தான் பண்ணேன்" என்றார் அவர். "ஊசியைக் காய்ச்சினதும் பிள்ளையோட பேரைக் கேளுங்க. அப்பன் பேரு, அம்மா பேரு கேளுங்க. அதுக்குள்ள ஆறிடும்."

ஏழே முக்காலுக்குத் திண்டிவனம். மாட்டு வண்டிக்கு முக்கால் ரூபாய் கேட்டார்கள், பத்தணாவுக்குப் படிந்தது. புதுச்சேரிச் சாலையில் ஆறு மைல், பிறகு ஏரிக்கரை மேல் ஒரு மைல். பத்தரைக்கு ஊர் போய்ச் சேர்ந்தோம். பிள்ளையார் கோயில் அரச மரத்தடியில் பெண்கள் கூடியிருந்தார்கள். ஒரு பிள்ளையும் கண்ணில் படவில்லை, வீட்டுக்குள் வைத்திருந்தார்கள்.

"மறுபடியும் வந்துகினாங்க பாரு" என்றாள் அஞ்சலை என்ற பெண். மூன்று பிள்ளைகளின் தாய். "எங்க புள்ளைங்க கை இன்னா, நீங்க ஏர் ஓட்டிப் பழகுற நெலமா?"

"எங்க ஆபீசுல நடந்த தப்பும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். என் பெயரைச் சொல்வார் என்று எதிர்பார்த்து நின்றேன். சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து, வழக்கமாக நான் செய்வதுபோல ஸ்பிரிட் விளக்கை அவரே ஏற்றினார். காற்றில் அணையாமல் தன் தொப்பியை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு தரையில் குந்தினார். தன்னுடைய ஊசியையும் எடுத்து என் ஊசிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஆபீசுன்னா ஆரு? மொகத்தக் காட்டச் சொல்லு" என்றாள் அஞ்சலை.

அவர் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு முறை அதே பதிலைச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். அதற்கு முன் நான் பேசினேன். "நான்தாம்மா. ஊசி ஆறுறதுக்குள்ள குத்திட்டேன். மருந்து செத்துப்போச்சி. ஆபீசு மேல தப்பு இல்ல." பெருங்கூட்டத்தில் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

அஞ்சலை என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அன்னிக்கு வாயில கொழுக்கட்டை வெச்சிக்கினு இருந்தியா?" என்றாள் அவள். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏ குப்பு, வாடி. ஆற வெச்சிக் குத்துறாராம்" என்று கூப்பிட்டாள்.

குப்புவின் பெயரைக் கேட்டேன். அப்பன் பெயரைக் கேட்டேன். அம்மா பெயரைக் கேட்டதும், "எதுர நிக்கிறன், என்னையே கேளேன்" என்றாள் அஞ்சலை. பெண்கள் சிரித்தார்கள். ஊசி ஆறிவிட்டிருந்தது. ஒரு ஊசி ஆறும்போது மற்றதைக் காய்ச்சி, பகல் ஒன்றரை மணிக்குள் நாற்பது பேருக்கும் முடித்தேன். விளக்கைப் பிடித்தவரை என் கையாள் என்று நினைத்து ஒரு கிழவர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். இன்ஸ்பெக்டர் எழுந்து போய்க் கொண்டுவந்து கொடுத்தார்.

அடுத்த எட்டாம் நாள் என்னைத் தனியாக அனுப்பினார். முப்பத்தேழு கைகளில் கொப்புளம் எழும்பியிருந்தது. மீதி மூன்று பேருக்குத் திரும்பக் குத்தினேன். ஏன் என்று அவர்களுடைய தாய்மார்களிடம் நானே சொன்னேன். மூன்று மணிக்கு மாட்டு வண்டியில் புறப்பட்டபோது நாலைந்து பிள்ளைகள் ஏரிக்கரைவரை கூட வந்தார்கள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் திரும்பிப் போகச் சொன்னேன்.

கெடாரில் எங்கள் தெருவில் பிள்ளைகள் நிறைய. அப்போது நாற்பத்துமூன்று வருஷமாக அங்கேதான் இருந்தேன். அவர்களில் பாதிப் பேரின் பெயர் அதுவரை எனக்குத் தெரியாது.