பெரியப்பாவின் காரில் போன நாய்

என் பெரியப்பாவுக்கு நிலம் போய்விடுமோ என்ற பயம் எப்போதும் உண்டு. உச்சவரம்புச் சட்டம் வந்ததும் சமையல்காரர் பெயரில்கூட நிலத்தை எழுதி வைத்தார். அது சமையல்காரருக்கே தெரியாது. ஆட்சி மாறியதும் கூச்சமில்லாமல் கதரிலிருந்து கரைவேட்டிக்குத் தாவிய மனிதருக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

அதைவிடப் பெரிய பயம் நாயைப் பற்றியது. பெங்களூரிலிருந்து வாங்கிவந்த வெள்ளைப் பொமரேனியன், உடம்பெல்லாம் சடை. கூலித் தகராறில் ஆட்கள் அதற்கு விஷம் வைத்துவிடுவார்கள் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். அரை வயிற்றுக் கஞ்சிக்குப் போராடுகிறவர்களுக்கு இவர் நாயை நினைக்க எங்கே நேரம்? ஆனாலும் அவர் போகும் இடமெல்லாம் அதுவும் அம்பாசடரில் போயிற்று. பாதுகாப்பாம்.

நான் அப்போது மகளிர் கல்லூரியில் படித்துக்கொண்டு தஞ்சாவூரில் அம்மாவோடு இருந்தேன். ஆவணியில் மாயவரத்தில் ஒரு கல்யாணம். அதற்காகப் பெரியப்பா வீட்டுக்கு வந்து அவர் காரிலேயே கிளம்பினேன். தயிர்சாதம் சாப்பிடாமல் படி இறங்கக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். நாய்க்கும் அதே மரியாதை. கெட்டித் தயிர் விட்டுப் பிசைந்து, அது முகத்தைத் திருப்பத் திருப்பத் தன் கையாலேயே ஊட்டினார்.

“சாப்பிடு தங்கம், தூரப் பயணம்” என்றார். பிறகு நாயை என் மடியில் போட்டுவிட்டு, கல் வந்து விழும் என்று கண்ணாடிகளை முழுக்க ஏற்றச் சொன்னார்.

வழியில் வாய்க்கால் மதகருகே மறியல். குறுவை அறுப்புக்குக் கூலி உயர்த்தக் கேட்டு ஆணும் பெண்ணுமாகச் சிவப்புக் கொடியோடு ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் காரை ஒருவரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பெரியப்பாதான் வெலவெலத்துப் போனார். டிரைவரைக் கதவுகளைப் பூட்டச் சொல்லிவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சீட்டில் சரிந்தார்.

உச்சி வெயிலில் கார் அடுப்பாகக் கொதித்தது. நாய் தயிர்சாதம் முழுவதையும் என் மடியில் கக்கியது. நாக்கு தொங்கியது. கொஞ்ச நேரத்தில் தலையும் துவண்டது. அது செத்துக்கொண்டிருந்தது.

“கண்ணாடிய இறக்குங்க பெரியப்பா. அதுக்கு மூச்சு விட முடியல.”

“பேசாம இரு. இறக்கினா நம்மள வெட்டிப் போட்டுடுவானுங்க.”

“யாரு வெட்டப் போறா? அவங்க பாட்டுக்கு உக்காந்திருக்காங்க.”

“நாய் போனா இன்னொன்னு வாங்கிக்கலாம்” என்றார் துண்டுக்குள்ளிருந்து.

நான் கதவைத் திறந்து நாயைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். மரத்தடியில் இருந்த ஒரு அம்மா, “இப்படி நெழல்ல போடு” என்று நகர்ந்து இடம் விட்டார். வாய்க்கால் தண்ணீரை அள்ளி அதன் காலிலும் வயிற்றிலும் விட்டுக்கொண்டே இருந்தேன். வெகுநேரம் கழித்து அது தலையைத் தூக்கியது. நான் அழுதுவிட்டேன்.

அதற்குள் தாசில்தார் வந்து பேசியிருக்கிறார். கூட்டம் எழுந்து வழி விட்டது. அம்பாசடர் என்னைத் தாண்டிப் போயிற்று. மதகுக்கு அந்தப் பக்கம் நிறுத்துவார் என்று நினைத்தேன். தூசிதான் நின்றது.

பஸ்ஸில் கண்டக்டர், “நாயெல்லாம் ஏத்தக் கூடாதுங்க” என்றார். என் புடவை இருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, “சரி, கடைசி சீட்டுக்குப் போங்க” என்று விட்டுவிட்டார். திறந்த ஜன்னலோரம் காற்று வர, நாய் மாயவரம் வரை தூங்கியது.

மண்டபத்தில் பெரியப்பா பந்தியில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். “பத்து பேரு சூழ்ந்துகிட்டு நாயப் புடுங்கிட்டானுங்க. ஒத்தை ஆளு நான் என்ன பண்ணுவேன்? பொண்ணு பஸ்ல வருது” என்று பக்கத்து இலைக்காரரிடம் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அந்த மனிதரும் உச்சுக்கொட்டிவிட்டு வடையைக் கடித்தார். எதிரே போய் நின்றேன். பெரியப்பாவுக்கு முகம்கூட மாறவில்லை.

“வந்துட்டியா தங்கம்” என்று நாயிடம் சொல்லி, தன் இலையிலிருந்து ஒரு வடையைக் கீழே போட்டார். அந்த மானங்கெட்ட நாயும் என் கையிலிருந்து குதித்து வாலாட்டிக்கொண்டே போய்த் தின்றது.

“போறப்ப மறக்காம கார்ல ஏத்திடு” என்றார் என்னிடம்.

அவர் கை கழுவ எழுந்துபோன நேரத்தில் நாயை வாரிக்கொண்டு தஞ்சாவூர் பஸ்ஸைப் பிடித்தேன். நாயைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டாள் என்று சொந்தபந்தமெல்லாம் பேசியது. ஆமாம், திருடினேன். பெரியப்பா அதைத் திருப்பிக் கேட்கவே இல்லை. தீபாவளிக்குள் இன்னொன்று வாங்கிவிட்டார்.