பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்

அருட்பிரகாசம் ஒட்டகமாகியிருந்தார். உதடுகளைத் தொங்கவிட்டு, தொண்டைக்குள் ஒரு கரகரப்பைப் புரட்டி, மூக்கால் நீளமாகப் பெருமூச்சு விட்டார். குட்டியைக் கிட்டச் சேர்க்க மறுக்கும் தாய் ஒட்டகமாம். ஓட்டோவின் இரு பக்கமும் மழைப் படங்கு இறக்கிக் கட்டப்பட்டிருந்தது. பின்இருக்கையில் ஒரு தலையணை, அதன்மேல் கைத்தொலைபேசி. இதுதான் ஒலிப்பதிவுக் கூடம். வீட்டுக்குள் வைத்துச் செய்யக் கோழிகள் விடுவதில்லை என்றார். எனக்கு வியர்த்து ஊற்றியது. அவர் பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

பெருமூச்சு முடியுமுன் தொலைபேசி அடித்தது. "ஓம்... எப்ப?... ஆசுப்பத்திரியிலையோ?... சரி, முழுப் பெயரையும் ஊரையும் சொல்லுங்கோ" என்றார். படங்கை உயர்த்தினார். சேட்டின் கழுத்துப் பொத்தானைப் பூட்டினார். முன்னிருக்கைக்குப் போய் மைக்கை எடுத்து, "மரண அறிவித்தல்" என்றார். ஒட்டகத்துக்கும் சாவுக்கும் நடுவே மனிதர் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "இருங்கோ தங்கச்சி, போற வழியிலை கதைப்பம்" என்று ஓட்டோவைக் கிளப்பினார். அவரைப் பற்றி எழுத வந்த நான், செத்த ஒருவரின் பெயருக்குப் பின்னால் உடுப்பிட்டி முழுக்கச் சுற்றினேன்.

அந்தப் பக்கத்தில் அவருடைய குரலைத் தெரியாதவர் கிடையாது. ஓட்டோவின் கூரையில் முன்னும் பின்னும் பார்த்தபடி இரண்டு கூம்பு ஒலிபெருக்கிகள். அது ஒழுங்கைக்குள் திரும்பியதும் கிணற்றடியில் மோட்டர் நிற்கும், குசினியில் கரண்டிச் சத்தம் நிற்கும். சனம் படலைக்கு வந்து காது கொடுக்கும். முதலில் பிறப்பிடம், பிறகு வதிவிடம், பிறகு யாருடைய மகன், யாருடைய பாசமிகு கணவர். முறை சொல்லச் சொல்ல ஒவ்வொரு முகமாக மாறும். யாராவது ஒருத்தி "ஐயோ, எங்கடை மாமியின்ரை ஆள்" என்று நெஞ்சில் கை வைப்பாள். அருட்பிரகாசம் மட்டும் நேரே ரோட்டைப் பார்த்தபடி வாசிப்பார். குரல் ஏறாது, இறங்காது, இடறாது.

அப்படியொரு குரலை வைத்துக்கொண்டு வாழ்வது லேசுப்பட்ட காரியமல்ல. யாருக்காவது தொலைபேசி எடுத்தால் வணக்கம் சொல்லுமுன் "ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை, நான் சும்மா எடுத்தனான்" என்பார். கலியாண வீடுகளில் வாய் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டுவார். சந்தையில் கத்தரிக்காயின் விலையை விரலால்தான் கேட்பார். ஒருமுறை கேட்டுவிட்டாராம், "என்ன விலை?" என்று. முதுகுகாட்டி நின்ற கிழவர் ஒருவர் தராசுக்குப் பக்கத்திலேயே குந்திவிட்டாராம். இதைச் சொல்லும்போது அருட்பிரகாசம் சிரித்தார். ஆனால் சத்தம் வெளியே வரவில்லை. சிரிப்பையும் விழுங்கப் பழகியிருக்கிறார்.

அவரை உலுக்கியவர் முன்பள்ளி ஆசிரியை உதயகலா. ஒருநாள் ஓட்டோவை மறித்து, "அண்ணை, குறை நினையாதேங்கோ. உங்கடை சத்தம் கேட்டால் என்ரை பிள்ளையள் காதைப் பொத்துதுகள். ஏரம்பரின்ரை பேத்தி ஆரபி வாங்குக்குக் கீழை பூந்திட்டு வெளியிலை வாறாளில்லை. அந்த மாமா பேர் சொன்னால் அந்த ஆள் செத்துப்போகுமாம்" என்று சொல்லியிருக்கிறார்.

"நான் சொல்லித்தான் சாகினமெண்டு நினைக்குதுகள், தங்கச்சி. எனக்கு விறைச்சுப்போச்சு" என்றார் அருட்பிரகாசம். "தேத்தண்ணி குடிக்கப் போனன். கோப்பையைப் பிடிக்க ஏலேல்லை." உயிரெடுக்கும் ஆள் என்று ஒரு குஞ்சு தன்னைப் பார்த்து நடுங்குவதை எந்த மனிதரால் தாங்க முடியும்?

மறுநாள் அவரே முன்பள்ளிக்குப் போனார். அந்தக் காதுகளுக்கு வேறு ஏதாவது சொல்லத் தனக்கு ஒரு சந்தர்ப்பம் தரச்சொல்லிக் கேட்டார். உலகத்துப் பிள்ளைகளைப் பற்றி வகுப்பில் ஏதாவது செய்ய வேண்டும் என்று உதயகலாவுக்கும் நெடுநாள் ஆசை. விஷயங்களைத் தேடிச் சரிபார்ப்பது ரீச்சரின் வேலை, குரலும் சத்தங்களும் அருட்பிரகாசத்தின் வேலை என்று முடிவானது. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் "காதாலை ஒரு நாடு" பெற்றோரின் தொலைபேசிகளுக்கு வந்து சேர்ந்தது.

முதல் நிகழ்ச்சியிலேயே சிக்கல். "வணக்கம் குஞ்சுகளே" என்று தொடங்கினால் அவருக்கே அது அந்நியமாகக் கேட்டது. எத்தனை தரம் முயன்றும் சரிவரவில்லை. கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே வாசலால் உள்ளே போனார். "மங்கோலியாவைப் பிறப்பிடமாகவும், கம்பளிக் கூடாரத்தை வதிவிடமாகவும் கொண்ட ஒரு சின்னப்பிள்ளை, குதிரைகளின் பாசமிகு தோழி, இன்று காலை..." பக்கத்திலிருந்த ரீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். "...இன்று காலை உப்புப் போட்ட பால்தேத்தண்ணி குடித்தார்!"

கேட்ட நானும் "இன்று காலை"யில் மூச்சைப் பிடித்து, தேத்தண்ணியில் விட்டேன். பெரியவர்கள் பதறி எழும்பிவிட்டார்களாம். பிள்ளைகளோ நிலத்தில் உருண்டு சிரித்தார்களாம். பிறகென்ன, எல்லா நாட்டுக்கும் அதுவே வழக்கமாயிற்று. யப்பான் பிள்ளைகள் தங்கள் வகுப்பறையைத் தாங்களே கூட்டித் துடைப்பதை ஈர்க்குமாறும் வாளியும் கொண்டு ஓட்டோவுக்குள் நடத்தினார். எத்தியோப்பியாவில் ஒரே தட்டைச் சுற்றியிருந்து ஒருவருக்கொருவர் வாயில் ஊட்டிவிடுவார்கள் என்றதும், "அப்ப அவையும் எங்களைப் போலை உருட்டி ஊட்டுற குழைச்ச சோறுதான் தின்னுறவை" என்று பிள்ளைகள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். நோர்வேயில் கைக்குழந்தைகளைக் குளிருக்குள் வெளியே தூங்கவிடுவார்கள் என்ற வாரம் தாய்மார் கொதித்துப்போனார்கள். "பனிக்குள்ளையோ! உதென்ன விசர்ச் சனம்!" என்று ஒருத்தி ரீச்சருக்குத் தொலைபேசி அடித்துக் கேட்டாள். அருட்பிரகாசத்துக்கு அதில் ஒரு பிடிவாதம் உண்டு. அதிசயம், விசித்திரம் என்ற சொற்களை வாயில் எடுக்கமாட்டார். "அவைக்கு நாங்கள்தான் அதிசயம். உச்சி வெயிலுக்கை கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி குடிக்கிற சனமல்லோ நாங்கள்."

பிள்ளைகள் காதைப் பொத்துவதை விட்டார்கள். ஓட்டோவைக் கண்டால் கை காட்டத் தொடங்கினார்கள். அப்போதுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

ஏரம்பர் கிணற்றடியில் வழுக்கி விழுந்து படுக்கையில் கிடந்த நேரம். பேத்தி ஆரபி நிகழ்ச்சியைப் பெட்டி ஸ்பீக்கரில் போட்டு யன்னலில் வைத்திருக்கிறாள். வேலிக்கு அந்தப் பக்கம் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஏரம்பர் வீட்டுக்குள்ளிருந்து அருட்பிரகாசத்தின் குரல் கேட்டது. "பிறப்பிடமாகவும்... வதிவிடமாகவும்..." கிழவர் முடிந்துவிட்டார், அறிவித்தலை எழுதிக் கொடுத்து வாசிக்கவைத்துப் பார்க்கிறார்கள் என்று அவள் எண்ணிவிட்டாள். பிறகு கேட்க வேண்டுமா? வேலி வேலியாகச் செய்தி ஓடியது. செத்தவீட்டுக்கு வருபவர்கள் இருக்க இரண்டு பேர் கதிரைகளோடு வந்துவிட்டார்கள். யாரோ புண்ணியவான் கனடாவுக்குத் தொலைபேசி எடுத்து ஏரம்பரின் மகள் வசந்தினிக்குச் சொல்லியும்விட்டார்.

வசந்தினி உடனே வீட்டுக்கு எடுத்து, "ஐயோ என்ரை அப்பா!" என்று கதறினாள். தொலைபேசி இருந்தது கிழவரின் தலைமாட்டில். "ஓம் பிள்ளை, அப்பாதான் கதைக்கிறன். ஏன் அழுறாய்? ஆர் செத்தது?" என்றார் ஏரம்பர். அந்தப் பக்கம் ஒரு அலறல், பிறகு ஏதோ விழுந்த சத்தம், பிறகு ஒன்றுமில்லை. மயங்கி விழுந்தவளை வீட்டிலிருந்தவர்கள் தூக்கி எழுப்பினார்களாம். இதைக் கேட்டு நான் சிரிக்க வாயெடுத்தேன். வசந்தினியின் நிலையில் என்னை வைத்துப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றது.

ஏரம்பர் மட்டும் அதை ரசித்தார். "நான் செத்தால் ஆர் ஆர் கதிரை கொண்டு வருவினமெண்டு கண்டிட்டன்" என்று எல்லோரிடமும் சொன்னார். அவருடைய மருமகள், ஆரபியின் தாய் சுபாஜினி விடவில்லை. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, "செத்தவீட்டுக்கும் பிள்ளையளுக்கும் ஒரே வாய் கூடாது. ஒண்டில் அதை விடுங்கோ, இல்லாட்டி இதை விடுங்கோ" என்றாள். நியாயம்தானே என்று மற்றவர்களும் தலையாட்டினார்கள். ரீச்சர் ஏதோ சொல்ல எழுந்தார். அருட்பிரகாசம் கையால் அமர்த்தினார். "செத்த ஆக்களுக்குச் சொல்ல வேறை ஆளில்லை. நான் பிள்ளையளை விடுறன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். நிகழ்ச்சி நின்றது. அதற்குப் பிறகும் அவர் வெள்ளிக்கிழமைகளில் படங்கை இறக்கிக் கட்டிவிட்டு உள்ளே இருப்பார். ஒருவருக்கும் அனுப்பாத நாடுகள் தொலைபேசியில் சேர்ந்துகொண்டிருந்தன. நான் பார்த்த ஒட்டகமும் அதில் ஒன்று.

அடுத்த முறை நான் போன அன்று ஏரம்பர் உண்மையாகவே போய்விட்டார். காலையில் எழும்பவில்லை. அருட்பிரகாசம் பொத்தானைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டார். நான் பின்இருக்கையில் இருந்தேன்.

"உடுப்பிட்டியைப் பிறப்பிடமாகவும்..." என்று தொடங்கினார். நான் கண்ட காட்சியை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. மோட்டர் நிற்கவில்லை. கரண்டி நிற்கவில்லை. ஒரு படலையில் ஒருத்தி சிரித்துக்கொண்டே, "ஏரம்பண்ணை போன மாதமும் செத்தவர்தானே!" என்றாள். "உது பிள்ளையளின்ரை நிகழ்ச்சி, திரும்பத் தொடங்கிட்டினம் போலை" என்றது ஒரு குரல். ஒழுங்கைக்குள்ளிருந்து பிள்ளைகள் பாய்ந்து வந்தார்கள். ஓட்டோவோடு சேர்ந்து ஓடினார்கள். "மாமா, இண்டைக்கு எந்த நாடு? எந்த நாடு, மாமா?" துள்ளலும் கைதட்டலும். செத்தவரின் பெயர் தலைக்கு மேலே ஒலிக்கிறது, கீழே பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

ஓட்டோ நின்றது. அவர் அறிவித்தலை இடையில் நிறுத்தி நான் கண்டது அன்றுதான். அவர் மைக்கை அமர்த்திவிட்டு இறங்கி, படலை படலையாக நடந்தார். "உண்மையாத்தான் சொல்லுறன். மோசம் போட்டார். அந்த வீட்டிலை அவை தனிய இருக்கினம், வாங்கோ." ஒலிபெருக்கி இல்லாமல் அந்தக் குரல் எவ்வளவு சின்னது என்று அன்றுதான் தெரிந்தது. கிட்டப் போனால்தான் கேட்கும். அந்தச் சின்னக் குரலைக் கேட்ட பிறகுதான் சனத்தின் முகத்தில் இரத்தம் வற்றியது. சிரித்தவள் அடுப்பை அணைக்க உள்ளே ஓடினாள்.

செத்தவீட்டு முற்றம் நிறைந்தது. வந்தவர்களின் பிள்ளைகள் படலையடி மணலில் இருந்தார்கள். நடுவில் ஆரபி. கடைசியாக உள்ளே வந்த அருட்பிரகாசத்தைக் கண்டதும் அவள் எல்லோருக்கும் கேட்கவே கேட்டாள். "மாமா, இண்டைக்கு எந்த நாடு?"

ஒரு பெண் பாய்ந்துபோய் அவளுடைய வாயைப் பொத்தினாள். அருட்பிரகாசம் சுபாஜினியைப் பார்த்தார். அழுது வீங்கிய கண்களோடு சுபாஜினி மகளைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "சொல்லுங்கோ, அண்ணை. கேக்கட்டும்" என்றாள்.

அவர் மணலில் குந்தினார். "இண்டைக்கு இந்த நாடுதான். உடுப்பிட்டியைப் பிறப்பிடமாகவும், உடுப்பிட்டியையே வதிவிடமாகவும் கொண்டவர் ஏரம்பர். வெங்காயம் வைக்கிறதிலை கெட்டிக்காரன். ஆரபியின்ரை பாசமிகு அப்பப்பா. இந்த நாட்டிலை ஒரு வழக்கம் இருக்கு. ஒரு ஆள் மோசம் போனால், போனாப்பிறகு, ஒரு மனிசன் ஓட்டோவிலை வந்து பேர் சொல்லுவான். அவன் சொல்லி ஒருத்தரும் சாகிறேல்லை. செத்தாப்பிறகுதான் அவனுக்கே தெரியும். அவன் சொன்னவுடனை சனம் அடுப்பை அமத்திப்போட்டு அந்த வீட்டுக்குப் போகும். அங்கை இருக்கிறவை தனிய இருக்கக்கூடாதெல்லோ, அதுக்குத்தான்."

ஆரபி எழும்பி அவருக்குக் கிட்ட வந்தாள்.

"அப்ப அந்த மாமாவுக்குப் பயமில்லையோ?"

அருட்பிரகாசம் மைக் பிடிக்கும் கையை அவளுக்கு முன்னால் நீட்டி விரித்துக் காட்டினார். அது நடுங்கிக்கொண்டிருந்தது.