முதலாவதாக இருந்த என் கையெழுத்து

இதை எழுதவேண்டும் என்று நினைத்தே நான்கு வருடங்கள் போய்விட்டன. கொப்பியை எடுப்பேன், இரண்டு வரி எழுதுவேன், கிழித்துவிடுவேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள், எழுத வராது என்று எனக்கே சாட்டுச் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வெட்கம். போன மாதம் மகன்தான் தன் அரைகுறைத் தமிழில், "எழுதுங்கோ அம்மா, என்ரை பேரை மட்டும் போடாதேங்கோ" என்றான். ஆண்டவரை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

மகனுக்கு இருபத்து மூன்று வயதில் மனநோய் வந்தது. இல்லாத குரல்கள் கேட்டன. ஒருநாள் கடையில், தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று பயந்து, வரிசையில் நின்ற ஒருவரைத் தள்ளி விழுத்திவிட்டான். அந்த மனிதருக்குக் கை முறிந்தது. பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. ஐந்து கிழமை, முப்பத்தைந்து நாள், மறியலில், அதாவது சிறையில், இருந்தான். பார்க்கப் போனபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து, "அம்மா, இவர்களுக்குச் சொல்லுங்கள், நான் கொஞ்சம் நித்திரை கொள்ளவேண்டும்" என்று இந்த நாட்டு மொழியான டெனிஷில் கெஞ்சினான். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பிறகு நீதிபதி அவனை மனநல வார்டுக்கு அனுப்பினார். மருந்து பிடித்தது. சில மாதங்களில் டொக்டர் எங்களைக் கூப்பிட்டார். இங்கே செய்யக்கூடியதைச் செய்தாயிற்று, இனித் தனியாக விட்டால் மருந்தை நிறுத்துவான், நிறுத்தினால் திரும்பவும் மறியல்தான் என்றார். எங்களோடு வைத்திருக்கிறோம் என்றேன். மறியலுக்கு முந்தி, நானும் கணவரும் வேலைக்குப் போன பிறகு அவன் மருந்துக் குளிசைகளைச் சமைக்கிற குசினித் தொட்டியில் போட்டதை டொக்டர் நினைவூட்டினார். பகலும் இரவும் பணியாளர் கூட இருக்கிற விடுதிதான் அவனுக்குச் சரி. அதைப் 'போஸ்டெட்' என்பார்கள்.

எங்கள் கொம்யூனில், அதாவது நகரசபையின் கையில், அப்படி ஒன்று இருக்கவில்லை. எங்கள் தெரு முடிகிற இடத்தில், பாவிக்காமல் கிடந்த பந்தடித் திடலில், பன்னிரண்டு அறைகளோடு ஒன்று கட்டத் திட்டம் போட்டிருந்தார்கள். மகனின் விடயத்தைப் பார்த்த கொம்யூன் பெண் எங்களிடம் நேராகச் சொன்னாள்: "உங்கள் மகன் பட்டியலில் இருக்கிறான். ஆனால் அரசியல்வாதிகள் வரவுசெலவில் பணம் ஒதுக்கவேண்டும். அயலவர் பெரிதாக எதிர்த்தால் ஒதுக்கமாட்டார்கள்."

இதெல்லாம் நம்மவர் ஒருவருக்கும் தெரியாது. மகன் தூரத்தில் கோல்டிங் நகரத்தில் வேலை செய்கிறான் என்று சொல்லி வைத்திருந்தோம்.

ஒக்டோபரில் மாதா சுரூபம் எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் வீடு வீடாக வரும். வருகிற வீட்டில் எல்லோரும் கூடிச் செபமாலை சொல்லி, பிறகு தேத்தண்ணீர் குடித்துப் போவார்கள். அன்று எங்கள் வீட்டு முறை. செபம் முடிந்து நான் ரோல்ஸ் தட்டை நீட்டிக்கொண்டு வர, பஸ் ஓடுகிற அண்ணை ஒருவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். எங்கள் தெருக்காரர். யாருக்கு என்ன உதவி என்றாலும் முதலில் ஓடி வருகிற மனிதர்.

"எல்லாரும் ஒருக்கா கேளுங்கோ. கொம்யூன்காரர் எங்கடை தெருவிலை விசர் பிடிச்ச ஆக்களுக்கு விடுதி கட்டப்போறாங்கள். மறியலாலை வாறவங்களையும் அதுக்கைதான் விடுவாங்களாம். பிள்ளையள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போற பாதை அது. வேண்டாமெண்டு எல்லாரும் கையெழுத்து வைச்சு அனுப்புவம்."

"ஐயோ, இனி ஜன்னலும் திறக்கேலாது" என்றாள் ஒரு தங்கச்சி.

"நீ எப்ப திறந்தனீ? மீன் பொரிக்கிற மணம் பக்கத்து வீட்டுக்குப் போகுமெண்டு பூட்டித்தானே வைச்சிருக்கிறாய்" என்றார் அவளுடைய கணவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"வீட்டுக்கார அக்கா முதல் கையெழுத்துப் போடுங்கோ. மாதா வந்திருக்கிற வீடு, நல்ல தொடக்கம்" என்று அண்ணை தாளை என்னிடம் நீட்டினார்.

கணவரைப் பார்த்தேன். அவர் தேத்தண்ணீர்க் கேத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றார். போடாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று தொடங்கினால் அடுத்தது மகன் எங்கே என்பதுதான். தட்டை வைத்தேன். விரலில் இருந்த எண்ணெயைச் சேலையில் துடைத்தேன். மாதாவுக்குக் கொளுத்திய மெழுகுதிரி எரிந்துகொண்டிருக்க, அதற்கு முன்னாலேயே கையெழுத்துப் போட்டேன். எனக்குக் கீழே கணவரும் போட்டார்.

தாள் கைமாறிப் போகும்போது அந்தத் தங்கச்சி கேட்டாள்: "தம்பி கோல்டிங்கிலை எங்கை அக்கா? என்ரை மச்சானும் அங்கைதான். ஒருநாளும் காணேல்லை எண்டுறார்."

"ஷிப்ட் வேலை. வெளியாலை வாறது குறைவு" என்றேன்.

இரண்டு கிழமை கழித்து, நான் வேலை செய்கிற முதியோர் இல்லக் குசினிக்குக் கொம்யூன் பெண்ணின் அழைப்பு வந்தது. "எதிர்ப்பு மனு ஒன்று வந்திருக்கிறது. முதல் பெயர் உங்களுடையது. உங்களுக்கு அந்த இடம் வேண்டாமா? மகனைப் பட்டியலிலிருந்து எடுக்கவா?"

"எடுக்கவேண்டாம், எடுக்கவேண்டாம்" என்று கத்திவிட்டேன். கூட வேலை செய்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்படியானால் வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு வாருங்கள். இதை நான் உங்களுக்காகச் சொல்ல முடியாது."

வீட்டில் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். "இஞ்சாரும், வெளியிலை தெரிஞ்சால் ஆர் எங்கடை வாசலுக்கு வருவினம்?"

"அவன் திரும்ப மறியலுக்குப் போனால், ஆர் வந்துதான் என்ன?" என்றேன்.  வியாழக்கிழமை அவர் சேர்ட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் நின்றார்.

பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். நகரசபை உறுப்பினர்கள் நான்கு பேர் முன்னால் இருந்தார்கள். நம்மவர்கள் இரண்டு வரிசை நிறைய. பஸ் ஓடுகிற அண்ணை நல்ல டெனிஷில் மரியாதையாகத்தான் பேசினார். உறுப்பினர் ஒருவர் மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மிகக் கிட்ட வசிக்கிற குடும்பங்களே வேண்டாம் என்றால், இந்தப் பணத்தை வேறொரு தேவைக்கு வைப்பதுதான் நியாயம்." மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

கோட்டுப் பைக்குள் செபமாலையைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன்.  எனக்குத் தெரிந்தது குசினி டெனிஷ். சூப் சூடு, கவனம் என்று சொல்லுகிற அளவு. அதை வைத்தே சொன்னேன்: "அந்தத் தாளில் முதல் பெயர் என்னுடையது. பயத்தில் போட்டேன். மறியலால் வருகிறவன் என்று சொல்வது என் மகனை. அவனுக்கு அந்த அறை வேண்டும். என் பெயரை வெட்டுங்கள்."

பின்னால் யாரோ, "என்ன சொல்லுறா இவ?" என்று கேட்டது காதில் விழுந்தது. கணவரும் எழும்பி, "என்னுடையதையும்" என்றார். எழுத்தில் தரவேண்டும் என்றார்கள். நின்றபடியே எழுதிக் கொடுத்தேன்.

கார் நிறுத்துமிடத்தில் அண்ணை வந்தார். "அக்கா, என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"உங்களுக்குச் சொல்லத்தான் அண்ணை எல்லாத்தையும்விடப் பயந்தனான்."

அவர் கார்த் திறப்பால் கதவைத் திறந்தார். பிறகு போய்விட்டார். அடுத்த நாட்களில் இன்னும் மூன்று குடும்பங்கள் பெயரை எடுத்தன. அவர் எடுக்கவில்லை.

நகரசபை பணத்தை ஒதுக்கியது. ஆனால் பன்னிரண்டு அறைகள் பத்தாகக் குறைந்தன. கொம்யூன் பெண் அதைச் சொன்னபோது, மகன் பட்டியலில் எத்தனையாவது என்று கேட்டேன். "உங்கள் மகன் ஒன்பதாவது" என்றாள். குசினி நிலத்தில் முழங்காலில் இருந்துவிட்டேன்.

கட்டி முடிய ஒன்றரை வருடம். அதுவரை அவனை ரயிலில் மூன்று மணித்தியாலம் தள்ளி ஓரிடத்தில் வைத்திருந்தார்கள். இப்போது எங்கள் தெருவில் இருக்கிறான். நல்ல நாட்களும் உண்டு, கதவே திறக்காத நாட்களும் உண்டு. மறியலுக்கு அவன் திரும்பப் போகவில்லை. நம்மவர்களில் சிலர் இன்னும் எங்களைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போகிறார்கள்.

வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை இன்னொருவருக்குச் சொல்வதானால் நடந்தபடியே சொல்லுங்கள். மனநோயைத் தலையிடி என்று மாற்றவேண்டாம். மறியலை விட்டுவிடவேண்டாம். செபத்தால் சுகமாகிவிட்டான் என்று சேர்க்கவும் வேண்டாம். செபம் எனக்கு எழும்பி நிற்கத்தான் பலம் தந்தது. மாதாவுக்கு முன்னால் நான் பொய்யாகக் கையெழுத்துப் போட்டதைக் கட்டாயம் சொல்லுங்கள். அப்படி ஒரு தாளை வைத்துக்கொண்டு இன்று யோசிக்கிற தாய்க்கு அதுதான் தெரியவேண்டும்.