கைடில் இல்லாத கேள்வி

பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் சேர்ந்தபோது, நான் இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொள்ளப் போவதாக எங்கள் மலை ஊரான செம்மேட்டில் எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், வகுப்பில் இருந்த மற்றவர்களும்தான். போனால், ஒரு கதையில் பனி பெய்கிறது, யாரோ சாகிறார்கள், அதைப் பற்றி ஐந்து மார்க்குக்கு எழுது என்றார்கள். நல்ல கூத்து. பேங்க் வேலைக்கு இது எந்த விதத்தில் உதவும் என்று முன் பெஞ்சுக்காரிகூட முணுமுணுத்தாள்.

அதனால் நாங்கள் யாரும் கதையைப் படிப்பதில்லை. கைடு வாங்குவோம். மையக்கருத்து, பாத்திரப் படைப்பு, நடைச் சிறப்பு என்று அதில் கேள்வியும் பதிலுமாகவே இருக்கும். பதிலை உருப்போட்டால் பாஸ். கதை வேறு எதற்கு?

கடைசி வருடப் பரீட்சைக்குப் படிக்க விடுமுறை விட்டார்கள். மலைக்கு வந்துவிட்டேன், ஆனால் இருப்புக் கொள்ளவில்லை. எம்.ஏ. படிக்கக் கோயமுத்தூர் போக வேண்டும். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கேட்டால் "பாக்கலாம் சாமி" என்பார். அந்தப் 'பாக்கலாம்' காதில் விழுந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மா இறந்தபின் வீட்டில் நாங்கள் இருவர்தான். அவர் ஏன் இழுக்கிறார் என்று தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் இன்னும் கோபம் வந்தது.

சாயங்காலம் அவர் வாசலில் உட்கார்ந்து மிளகைக் கொத்திலிருந்து உதிர்த்துக்கொண்டிருப்பார். நான் அவரைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி கைடில் ஒரு கதைக்கு இருந்த கட்டுரையை ஒப்பிப்பேன். ஒருநாள் அவர் கேட்டார்.

"ஏங் கண்ணு, தெனமும் இதையே சொல்றியே, அதுல என்னதான் இருக்குது?"

"ஒரு அப்பாவும் மகளுங்கப்பா. மக பட்டணத்துக்குப் படிக்கப் போயிடறா. அப்பா மட்டும் ஊட்டுல தனியா இருக்கறாரு."

"அப்பறம்?"

"அப்பறம்... தனிமைதான் கதையோட மையக்கருத்துங்க."

"அது கெடக்குது. அந்தப் புள்ள திரும்பி வந்துச்சா?"

எனக்குத் தெரியவில்லை. கட்டுரையை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறேன், அந்தப் பெண் வந்தாளா என்பது தெரியவில்லை. கைடைப் புரட்டினேன். அதில் இல்லை. தோழிக்குப் போன் செய்தேன்.

"எக்ஸாம்ல வருமாடி?" என்றாள்.

வராது என்றேன்.

"அப்பறம் எதுக்குடி உசுர வாங்கற?" என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒப்பிக்கவே பிடிக்கவில்லை. ஹால் டிக்கெட் வாங்கக் கீழே காலேஜுக்குப் போன அன்று, லைப்ரரியில் அந்தக் கதைப் புத்தகத்தைக் கேட்டு எடுத்தேன். யாரும் விரித்ததே இல்லை போல, தாள்கள் ஒட்டிக் கிடந்தன. திரும்பும்போது பஸ்ஸில் தட்டுத்தடுமாறிப் படித்தேன். மலையடிவாரத்துக் காரவள்ளி வந்தும் கதை முடியவில்லை. அதற்கு மேல் கொண்டை ஊசி வளைவுகள். மலைக்காரி எவளும் அந்த ரோட்டில் குனிந்து படிக்க மாட்டாள், குடல் வெளியே வந்துவிடும். நான் படித்தேன். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு படித்தேன். பக்கத்து சீட்டு அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்து, "மோந்து பாரு கண்ணு, அந்த பொஸ்தகத்த மொதல்ல மூடி வைய்யி" என்றார். மூட முடியவில்லை.

அந்தப் பெண் வருகிறாள். அப்பா அவளுக்கு நாற்காலியைத் துடைத்துப் போடுகிறார். விருந்தாளிக்கு எடுக்கும் தட்டில் சாப்பாடு வைக்கிறார். மறுநாள் காலை ரயிலுக்கு அவள் கிளம்பிவிடுகிறாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. அவ்வளவுதான் கதை. எனக்கு அந்த அப்பாமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பெற்ற மகளுக்கு எதற்கு நாற்காலியைத் துடைக்க வேண்டும்? மூன்று வருடப் படிப்பில் ஒரு கதைக்காக நான் அழுதது அந்த பஸ்ஸில்தான்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "அந்தப் புள்ள வந்துச்சுங்கப்பா."

அவர் முகம் தெளிந்தது. "வந்துச்சா? எத்தன நாளு இருந்துச்சு?"

ஒரு மாதம் என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சந்தோஷத்திலேயே என்னைப் போகச் சொல்லியிருப்பார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ஒரு ராத்திரிங்கப்பா."

அவர் கையிலிருந்த மிளகுக் கொத்தை உதிர்த்து முடித்தார். பிறகு, "கோயமுத்தூருக்கு என்னைக்குக் கண்ணு போவோணும்?" என்று கேட்டார்.