சவர்க்காரம் போட்டுக் குளித்த தொட்டி

தண்ணீரிலிருந்து எண்ணெயைப் பிரிப்பதுதான் என் தொழில் என்றால், "அதுதான் தானா மிதக்குமே!" என்று சிரிக்காதவர் இல்லை. இயந்திரத்தோடு மல்லுக்கட்டும் சகபாடிகளே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

மிதக்காத எண்ணெய்

தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. ஜெனரேட்டர் கொட்டகையையும் லொறிகளையும் கழுவிய தண்ணீர் கான் என்ற வடிகால் வழியே இறங்கி, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து ஆட்கள் குடிக்கும் ஊற்றுநீர்ப் பீலியில் கலந்துகொண்டிருந்தது. மிதக்கும் எண்ணெயை வழித்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத பொடித் துளிகள்தான் தொல்லை. அதற்காகவே கானின் குறுக்கே நான் பொருத்திய தொட்டிக்குள் நெருக்கமான இழைகளால் ஆன மெத்தை ஒன்று இருக்கிறது. தண்ணீர் அதற்குள் நுழைந்து போகையில் துளிகள் இழைகளில் ஒட்டி, ஒன்றுசேர்ந்து, பெருத்து மேலே வந்துவிடும். தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் ஐயா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப இது தேத்தண்ணி வடி மாதிரிதானே தம்பி? நம்ம வீட்டுலயே ஒண்ணு கேட்டு வாங்கியிருப்பேனே!"

பூசைக் குளியல்

ஆயுத பூசைக்கு மறுநாள் காலையில் அவசர அழைப்பு. தொட்டியிலிருந்து பால் போலத் தண்ணீர் வருகிறதாம். ஓடிப்போய்ப் பார்த்தால் தொட்டிக்கு மாலை, சந்தனம், குங்குமம். பக்கத்தில் எஞ்சின் கொட்டகை முருகேசு அண்ணன் பெருமையோடு நிற்கிறார். பூசைக்கு முன் எல்லா இயந்திரங்களையும் தேய்த்துக் குளிப்பாட்டுவது அங்கே வழக்கம். மனுசன் என் மெத்தையையும் வெளியே எடுத்து, சவர்க்காரத் தூள், அதாவது சோப்புத் தூள் போட்டு வெளுத்துவிட்டார். சவர்க்காரம் பட்டால் எண்ணெய்த் துளிகள் ஒன்றோடொன்று சேரவே சேரா; பால் போலக் கலந்து தண்ணீரோடே போய்விடும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கத்தினேன்.

"மத்த மெசினெல்லாம் குளிச்சு நிக்கிறப்ப, இது மட்டும் அழுக்கா நின்னா சாமி என்னங்க நெனைக்கும்?"

பீலியடி

உடனே கானை அடைத்தேன். அதற்குள் எவ்வளவு இறங்கியதோ! கீழே பீலிக்கு ஓடினால், குடங்களெல்லாம் காலியாகக் கவிழ்ந்து கிடக்கின்றன. முருகேசு அண்ணனின் மனைவி புஷ்பம் அக்கா விடியற்காலையிலேயே டீசல் வீச்சத்தைப் பிடித்து, ஒருவரையும் தண்ணீர் மொள்ள விடாமல் காவல் நின்றிருக்கிறார். எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

தொட்டியை வெறும் தண்ணீரால் அலசி, புது மெத்தை போட்டேன். எண்ணெய் சொன்னபடி கேட்டது. மறுநாள் பீலித் தண்ணீரை அக்கா முகர்ந்தார், வாயில் ஊற்றிக் கொப்பளித்தார், பிறகு குடித்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"அடுத்த பூசைக்கு அந்தத் தொட்டிக்கு மாலைய மட்டும் போடச் சொல்லுங்க தம்பி. சவுக்காரம் போட்டு இவர நான் குளிப்பாட்டிக்கிறேன்!"

எண்ணெயையும் தண்ணீரையும் எத்தனை தரம் வேண்டுமானாலும் நான் பிரித்துத் தருவேன். முருகேசு அண்ணனையும் சவர்க்காரத் தூளையும் பிரிக்கிற வேலை மட்டும் புஷ்பம் அக்காவுடையது.