காலையில் வாசித்தது, மதியம் சும்மாவானது

பிள்ளைகளே, அரசியல் சாசனத்தின் முகவுரையை உங்கள் பள்ளியில் வாசிக்கச் சொல்கிறார்களே, அதைப் போன வருடம் எங்கள் தோல் கம்பெனியிலும் வாசித்தோம். அன்று நடந்ததற்கு எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

காலையில் மிஷின் ஓடுவதற்கு முன் எல்லோரையும் வாசலில் நிற்க வைத்து சூப்பர்வைசர் ஏதாவது வாசிப்பார். வாசித்தால் அன்றிலிருந்தே அமல். கையுறை கட்டாயம் என்றால், கையுறை இல்லாதவன் உள்ளே போக முடியாது.

அன்று நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று அவர் வாசிக்க, நாங்கள் கையை நீட்டித் திருப்பிச் சொன்னோம். போட்டோ கூட எடுத்தார்கள்.

சுண்ணாம்புத் தொட்டியில் தோலை ஊறப்போட்டு எடுப்பவர்கள் எங்கள் கேன்டீன் மேசையில் உட்காரக் கூடாது. வெளியே தகர ஷெட்டில்தான் சாப்பிட வேண்டும். நாற்றமாம். குளித்துப் புடவை மாற்றி வந்தாலும் நாற்றமாம். அதே தோலுக்குத்தான் நாங்கள் உள்ளே பாலிஷ் போடுகிறோம், எங்களுக்கு மட்டும் மேசை. அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பதுதான் விஷயம். அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

அன்று மதியம், தொட்டியில் வேலை செய்கிற அக்கா ஒருவர் தட்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"இன்னாம்மா, வழி தெரியாம வந்துட்டியா?" என்றார் சூப்பர்வைசர்.

"காலைல நீங்கதானே சார் வாசிச்சீங்க, எல்லாரும் சமம்னு. இன்னிலேர்ந்துதானே?"

கேன்டீனே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

"அது சும்மா வாசிக்கிறதும்மா. பேஜார் பண்ணாம எழுந்து போ."

"கையுறைன்னு வாசிச்சா நெஜம், இது சும்மாவா?"

சிரிப்பு நின்றது. சும்மாவாம்! இந்த நாட்டு ஜனங்கள் எல்லோருக்கும் பொதுவாக எழுதி வைத்தது இவருக்குச் சும்மா. அக்காதான் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று பிறகு சிலர் சொன்னார்கள். என்ன தப்பு? அந்தச் சாசனம் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அமலில் இருக்கிறது. அதைச் சொன்னால் என்னையும் முறைக்கிறார்கள்.

அப்போது சாம்பார் வாளியோடு வந்த கேன்டீன் அண்ணனிடம் சூப்பர்வைசர், "அதுக்கு ஊத்தாத" என்றார். ஒரு மனுஷியை 'அது' என்கிறார்!

"சார், அவங்க சாப்பிடட்டும்" என்றேன்.

"உன்னக் கேட்டனா?"

அண்ணன் இரண்டு பேரையும் பார்த்தார். "சார், வாளி கொதிக்குது. எவ்ளோ நேரம் புடிச்சிக்கினு நிக்கறது?" என்றபடி அக்காவின் தட்டில் ஊற்றிவிட்டார். அக்கா கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டுத்தான் எழுந்தார்.

மறுநாள் காலை, தொட்டி ஆட்கள் வெளியேதான் சாப்பிட வேண்டும் என்று சூப்பர்வைசர் வாசிப்பார் எனக் காத்து நின்றோம். தொண்டையைச் செருமினார். மழைக்கோட்டைப் பற்றி ஏதோ வாசித்துவிட்டுப் போனார். இத்தனை வருடம் நடத்திய சட்டத்தை எல்லோர் முன்னாலும் வாசிக்க அவருக்கு வாய் வரவில்லை.

மதியம் அக்கா அதே இடத்தில் உட்கார்ந்தார். ஷெட்டிலிருந்து இன்னும் இரண்டு பேர் கூட வந்தார்கள். மற்றவர்கள் பயந்துகொண்டு இன்றைக்கும் வெளியேதான் சாப்பிடுகிறார்கள். அந்தத் தகர ஷெட்டை இன்னும் யாரும் பிரிக்கவில்லை.